அப்பா தேர்ந்தெடுத்த மிஷின்

இனிமேல் ஒரு வில்லையும் கையால் தேய்க்கப் போவதில்லை என்று அப்பா ஒரு காலைவேளையில் முடிவெடுத்தார். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, எழுந்து நின்று, சத்தமாகச் சொன்னார். அம்மா வேலைக்குக் கிளம்பிப் போய் அரைமணி நேரம் கழித்துத்தான் சொன்னார். கேட்டது நான் மட்டும்.

நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள். ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் உண்மையைச் சொன்னேன். யாருக்கும் பிடிக்கவில்லை. இப்போது சொல்வதில்லை. அப்பா வேலை பார்த்த கதவுத் தொழிற்சாலையை எட்டு மாதத்துக்கு முன்னால் மூடிவிட்டார்கள். ஆக, பகல் பூராவும் வீட்டில் இரண்டு பேர், செய்ய ஒன்றுமில்லாமல், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருப்போம். வெளியே மழை. அந்த வருஷம் அது நிற்கவே இல்லை.

கடைசி நாளில் தொழிற்சாலையிலிருந்து அப்பா பத்துக் கட்டைகளைத் தூக்கி வந்திருந்தார். நன்றாகக் காய்ந்த, முடிச்சில்லாத கட்டைகள். அவற்றில் வில் செய்ய ஆரம்பித்தார். வில் என்றால் விளையாட்டுச் சாமான் இல்லை, அம்பு விடுகிற வில். மைதானத்தில் பிள்ளைகளுக்கு வில்வித்தை சொல்லித்தரும் டீச்சர், ஒழுங்காக வளைகிற ஒன்றைக் கொண்டுவந்து காட்டுங்கள், நன்றாக இருந்தால் பன்னிரண்டு தேவைப்படும் என்று சொல்லியிருந்தார். மாதக் கடைசி வரை கெடு. அப்பாவுக்கு அது வில் இல்லை, வேலை. மறுபடியும் காலையில் ஒரு காரணத்தோடு எழுந்திருப்பது.

ஒன்பது உடைந்துவிட்டது. பிடிக்கு மேலும் கீழுமாக வில்லுக்கு இரண்டு கை, இரண்டும் ஒரே மாதிரி வளைய வேண்டும். அப்பா முதல் கையை அழகாகத் தேய்ப்பார். இரண்டாவது கைக்கு வரும்போது தோள்பட்டை விட்டுப் போகும். அது ஒரு பக்கம் தடித்து, ஒரு பக்கம் மெலிந்து, நாண் பூட்டினதும் படார். உடைந்தவற்றை அம்மா வீணாக்கவில்லை. ஒன்று துணிக்கொடிக்கு முட்டு. ஒன்று ஒட்டடைக் கம்பு. தெருவில் அப்பாவுக்கு வில்லாளன் என்று பேர் வந்தாயிற்று.

மிச்சம் ஒரே ஒரு கட்டை. அதற்குத்தான் பெல்ட் சாண்டர். உப்புத்தாளைப் பட்டையாக ஒட்டி, சக்கரத்தில் மாட்டி, மோட்டாரில் ஓடவிடுகிற மிஷின். எதை வாங்குவது என்று அப்பா மூன்று வாரம் ஆராய்ச்சி செய்தார். கையில் பிடிக்கிறதா, நிற்கிறதா. பட்டை அகலமா, ஒடுக்கமா. என் போனில் படம் பார்த்துப் பார்த்து அதன் உயிரை எடுத்தார். ஒன்றுவிட்ட ஒருநாள் இரும்புக்கடைக்காரரிடம் போய் நின்றார். பக்கத்து வீட்டு ரிட்டையர்டு ஓட்டுநரைக் கூடக் கேட்டார். அவருக்கு மரம் என்றால் நிழலுக்கு ஒதுங்குகிற இடம்.

எனக்குப் பொறுமை கிடையாது. "அம்மாகிட்ட கேளுங்களேன்" என்றேன். அம்மா பத்தொன்பது வருஷமாகச் செருப்பு ரிப்பேர் கடையில் வேலை பார்க்கிறாள். சாப்பாடு கொடுக்கப் போனபோது பார்த்திருக்கிறேன், நாள் பூராவும் இப்படி ஒரு மிஷின் முன்னால்தான் நிற்கிறாள்.

அப்பா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அது செருப்பு மிஷின்மா. இது மர மிஷின்."

அம்மாவிடம் அனுமதி வாங்க ஒரு திட்டம் போட்டார். வில் என்ற பேச்சே எடுக்கக் கூடாது. சமையலறைக் கதவு மழையில் ஊதிப்போய் இழுபடுகிறது, அதைத் தேய்க்க மிஷின் வேண்டும். என்னை வைத்து ஒத்திகை எல்லாம் நடந்தது.

"கதவுக்கா?" என்றாள் அம்மா.

"கதவுக்குத்தான்."

"ஒரு கதவுக்கு ஒரு மிஷினா?"

"ரெண்டு கதவு."

"ரெண்டாவது எது?"

அப்பா வீட்டைச் சுற்றிப் பார்த்தார். "பாத்ரூம்."

"அது தகரம்."

"தகரத்துக்கு வேற பட்டை இருக்கு."

அம்மா நகத்திலிருந்த கறுப்புத் தூளைக் குச்சியால் எடுத்துக்கொண்டே, "சரி, வாங்கிக்குங்க" என்றாள்.

அம்மா சண்டை போடாமல் சரி என்றால் பயப்பட வேண்டும். நான் பயந்தேன். அப்பா சந்தோஷப்பட்டார்.

இரும்புக்கடையில் மூலையில் நின்ற பெரிய மிஷின் மேல் அப்பாவின் கண் விழுந்தது. ஆறங்குலப் பட்டை, ஆள் உயரம். கடைக்காரர், புதுசாக அடிப்பாகம் போட்ட தன் ஷூவை மாற்றி மாற்றி ஊன்றி நின்றபடி, அது உங்களுக்கு வேண்டாம் என்றார். இரண்டங்குலப் பட்டை ஓடுகிற ஒன்றைக் காட்டினார். முன்னால் உருண்டைச் சக்கரம், வளைவுக்கெல்லாம் நன்றாகப் போகும் என்றார். அப்பா ஒரு மணி நேரம் வாதாடினார். கடைசியில் அவர் காட்டியதையே எடுத்தார். ஆட்டோவில் வரும்போது, "பாத்தியா, பெருசைத் தலையில கட்டப் பாத்தான். விட்டேனா நான்?" என்றார். நான் மழையைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

மிஷினைப் பின்பக்கத் தாழ்வாரத்தில் நிறுத்தியதும் அம்மா கேட்டாள், கதவு எப்போது என்று. அந்த மிஷின் கதவிடம் போகாது. கதவுதான் அதனிடம் வர வேண்டும். கழற்றி, ஆளுக்கொரு பக்கம் தூக்கி, இரண்டங்குலப் பட்டையில் விளிம்பைக் கொடுத்துக் கொடுத்து நகர்த்தினோம். அரைநாள். மாட்டிப் பார்த்தால் கதவு இழுபடவில்லை. மூடவும் இல்லை. தாழ்ப்பாள் நிலை வரைக்கும் எட்டவில்லை. லேசாகக் காற்றடித்தாலும் தானாகத் திறந்துகொண்டது.

மாதக் கடைசிக்கு நான்கு நாள் இருந்தது. அம்மா கடைக்குப் போனதும் அப்பா பத்தாவது கட்டையை எடுத்தார். நிதானமாக அளந்தார், கோடு போட்டார். முதல் கை வெண்ணெய் மாதிரி வந்தது. எனக்கே ஆச்சரியம். இரண்டாவது கை பாதி வரைக்கும் அப்படித்தான். அங்கேதான் நான் பார்க்கிறேனா என்று அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

மூன்று நொடி இருக்கும். பட்டை அந்த இடத்தைத் தின்றுவிட்டது.

உடையும் என்று தெரிந்தே நாண் பூட்டினார். அந்த இடத்தில் வில் முழங்கால் மாதிரி மடங்கியது. பிறகு சத்தம். மிஷின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நான்தான் போய் நிறுத்தினேன். அப்பா தரையில் உட்கார்ந்தார். புருவமெல்லாம் மரத்தூள், கிழவர் மாதிரி இருந்தார்.

"மிஷின் நல்ல மிஷின்தான்" என்றார்.

அம்மா வழக்கமாக ஏழு மணிக்கு வருவாள். அன்று மத்தியானமே வந்தாள், நனைந்துபோய், இரண்டு சாக்கு மூட்டையோடு. உடைந்த வில்லைப் பார்த்தாள். எடுத்து மற்ற உடைந்த வில்களோடு வைத்தாள். செருப்புக் கடையை மூடிவிட்டார்கள் என்று, மழை பெய்கிறது என்பது போலச் சொன்னாள். மூன்று வாரமாகவே அவளுக்குத் தெரியுமாம்.

மூட்டையில் வேலை பாதியில் நின்ற செருப்புகள், பசை டப்பா, ஒரு பெட்டி நிறையப் பட்டைகள். ஒரு பட்டையை உருவி மிஷினில் மாட்டினாள். அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது.

அப்பா எழுந்து வந்தார். "அந்தப் பட்டை எப்படி இதுக்குச் சேருது?"

"கடைக்காரர்கிட்ட இந்தப் பட்டை ஓடுற மிஷினாப் பாத்துக் குடுங்கன்னு சொல்லியிருந்தேன். அவர் ஷூ நம்மகிட்டதான் வரும்."

"நான்தானே தேர்ந்தெடுத்தேன்."

"ஆமா. ஒரு மணி நேரம் நின்னு தேர்ந்தெடுத்தீங்களாம். கால் வலிச்சிடுச்சுன்னார்."

ஒரு குதிகாலை எடுத்துப் பட்டையில் வைத்தாள். அழுத்தவில்லை. எங்கேயும் நிறுத்தவில்லை. கை பாட்டுக்குப் போய் வந்தது. அப்பா பார்த்துக்கொண்டே நின்றார். பத்தொன்பது வருஷத்தில் அவர் அதைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"இதெல்லாம் தெரிஞ்சிருந்தா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார். குரல் இறங்கியிருந்தது.

"செருப்பு மிஷின் ஆளுக்கு மர மிஷின் என்னங்க தெரியும்?"

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

மாதக் கடைசியில் டீச்சர் வந்தார். என்ன சொல்வது என்று தெரியாமல் அப்பா சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒளிந்தார். கதவு மெதுவாகத் திறந்து அவரைக் காட்டிக்கொடுத்தது. டீச்சர் வில்லைப் பற்றிக் கேட்கவே இல்லை. கடை வீட்டுக்கு வந்துவிட்டதென்று அம்மா அவரிடம் முன்பே சொல்லி வைத்திருக்கிறாள். பிள்ளைகளின் முனை தேய்ந்த ஷூக்களை ஒரு பையில் கொண்டுவந்திருந்தார். அப்பா பன்னிரண்டு எதிர்பார்த்தார். பன்னிரண்டு ஜோடி வந்தது.

இப்போது காலையில் நான் பசை தடவுகிறேன், அம்மா வெட்டுகிறாள், அப்பா தேய்க்கிறார். இடதும் வலதும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று அம்மா சொன்னபோது, அது தனக்குத் தெரிந்த விஷயம்தான் என்றார். மூச்சைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், முதல் ஜோடியை முடித்து நீட்டினார். அம்மா அதைத் தரையில் வைத்து, ஒரு விரலால் தட்டினாள். வலது அசையவில்லை. இடது முன்னும் பின்னும் ஆடியது.

"பரவாயில்லைங்க" என்றாள். "பதினொண்ணாவது வில் உடையாம வளைஞ்சிருக்கு."