கவர்னர் வீட்டு விவகாரம்

வெண்தலைக் கழுகு அழிந்துவிடும் என்று ஒரு காலத்தில் இங்கே எல்லோரும் பயந்தோம். அழியவில்லை, நன்றாகவே பெருகிவிட்டது. கூடவே இன்னோர் இனமும் பெருகியது. அதைப் பற்றித்தான் யாரும் நம்மை எச்சரிக்கவில்லை. கழுகைப் படம் பிடிக்கிறவரைச் சொல்கிறேன்.

ஜனவரியில் எங்கள் ஊர் அணைக்கட்டுக்குக் கீழே வந்தால் இவரைப் பார்க்கலாம். மிசிசிப்பி உறைந்து கிடக்கும்போது அங்கே மட்டும் தண்ணீர் ஓடும். மீனுக்காகக் கழுகு வரும், கழுகுக்காக இவர் வருவார். சுற்றிலும் வெள்ளை வெளேரென்று பனி. நடுவே, கார் நிறுத்துகிற இடத்தில், பச்சை இலை அச்சடித்த உடுப்போடு ஒரு புதர் நின்று காப்பி குடித்துக்கொண்டிருந்தால் அது இவர்தான். கழுகின் கண்ணில் படக் கூடாதாம். தண்ணீருக்குள் ஓடும் மீனை வானத்திலிருந்து பார்க்கிற கண்ணுக்கு, காப்பி குடிக்கிற புதர் தெரியாதா? லென்ஸுக்குக் கம்பளிச் சட்டை போட்டுக் கொண்டுவந்திருப்பார். தமக்கு மப்ளர் கொண்டுவர மறந்திருப்பார்.

பக்கத்தில் போய், "இன்னிக்கு ஏதாவது கிடைச்சுதா?" என்று கேட்டுப் பாருங்கள். பெண் பார்க்க வந்த இடத்தில் சம்பளத்தைக் கேட்டுவிட்ட மாதிரி முகம் சுளிப்பார். "நேத்து வந்திருக்கணும்" என்பார். நேற்றே வந்திருந்தால்? முந்தாநாள் வந்திருக்க வேண்டும். இவர்கள் உலகத்தில் எல்லாம் நடந்தது நேற்றுத்தான்.

கழுகோ கிளையில் உட்கார்ந்தது உட்கார்ந்தபடி இருக்கும். "யோசிக்கிறான்" என்பார். பறப்பதற்குச் சற்று முன் அது எச்சமிடும் என்பது இவர்கள் சாஸ்திரம். ஆகையால் ஓய்வுபெற்ற பள்ளி முதல்வர், பல் டாக்டர், லூத்தரன் பாதிரியார் உட்பட ஊரின் மதிப்புக்குரிய மனிதர்கள் அத்தனை பேரும் விறைத்த விரலைப் பொத்தான்மேல் வைத்துக்கொண்டு, ஒரு பறவையின் பின்பக்கத்தைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள். "வாலைத் தூக்குறான்! தூக்குறான்!" என்று ஒருவர் கத்துவார். எல்லோரும் மூச்சைப் பிடிப்பார்கள். பெரும்பாலும் எச்சத்தோடு சரி.

இந்த இனத்துக்கே திலகம் எங்கள் வெண்டல் ஹோவர்சன். பால்பண்ணையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். ஒரே கழுகை ஏழெட்டுக் குளிர்காலமாகப் படம் பிடித்து வருகிறார். உயரத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரு வேலையும் செய்யாததால் அதற்குக் கவர்னர் என்று பெயர் வைத்தார். "நம்ம பயலுக்கு என்னைத் தெரியும்" என்பார். ஆனால் அவர் பெருமை கவர்னரால் வந்ததல்ல, கவர்னரம்மாவால் வந்தது.

அவர் எடுத்த எந்தப் படத்தைப் பார்த்தாலும், மேலே இடது மூலையில், தூர வானத்தில் ஒரு கறுப்புப் புள்ளி தெரியும். அதுதான் கவர்னரம்மா. கணவனை ஒரு நொடியும் பிரியாதவள். கல்யாண வீட்டில் பட்டப்பகலில் அருந்ததியைக் காட்டினால் எல்லோரும் "தெரியுது, தெரியுது" என்று தலையாட்டுவோமே, அப்படி ஊரே தலையாட்டியது. நானும்தான் ஆட்டினேன்.

இதனால் அவதிப்பட்டது அவர் மனைவி மார்லிஸ். அந்த அம்மாளுக்கு மூட்டுவலி. குளிர்காலத்தில் இரண்டு வாரம் அரிசோனாவில் தங்கை வீட்டு வெயிலில் உட்கார்ந்துவிட்டு வர வேண்டும் என்பது அவளுடைய ஒரே ஆசை. கேட்டால் போதும், வெண்டல் ஒரு படத்தை எடுத்து நீட்டுவார்.

"இவளைப் பாரு. இந்தக் குளிர்ல ஒரு நாளாவது எடம் மாறியிருக்காளா? அதே மூலை, அதே ஒயரம். குடும்பம்னா இதுதான்."

ஒரு புள்ளியோடு யார் போட்டி போட முடியும்? மார்லிஸ் வருஷா வருஷம் மூட்டுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டாள்.

போன பிப்ரவரியில், நூலகத்தில் வெண்டலின் கழுகு தினச் சொற்பொழிவு. அதற்கு முதல் நாள் மாலை, மாதா கோயில் போட்டிக்காகத் தான் செய்த எலுமிச்சைக் கேக்கைப் படம் எடுத்துத் தரச் சொன்னாள் மார்லிஸ். எடுத்தார். கம்ப்யூட்டரில் பார்த்தாள். வெள்ளை மேசை விரிப்பில், மேலே இடது மூலையில், ஒரு கறுப்புப் புள்ளி. ஓடிப்போய் விரிப்பைப் பார்த்தாள், சுத்தமாக இருந்தது. பழைய படங்களைத் தேடினாள். அக்காள் மகள் கல்யாணப் படத்தில் அதே மூலையில், பாதிரியாரின் வழுக்கைமேல் அதே புள்ளி.

"வெண்டல், இங்க கொஞ்சம் வா. கவர்னரம்மா என் கேக் பக்கத்துல என்ன பண்றா?"

வெண்டல் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். பிறகு கேமராவின் லென்ஸைக் கழற்றி, உள்ளே இருந்த தூசியை ஊதினார். ஒரே ஊதல். கவர்னரம்மா போய்விட்டாள்.

மறுநாள் நூலகத்தில் நாற்காலி போதவில்லை. காலையில் எடுத்த படத்தைத் திரையில் போட்டார். கவர்னர் இருந்தது, மூலை காலியாக இருந்தது. உண்மையைச் சொல்ல வாய் திறந்தவர், அத்தனை முகங்களையும் பார்த்தார்.

"அவ... போயிட்டா."

சபையில் ஒரு கேவல் எழுந்தது. பல் டாக்டர் கைக்குட்டையைத் தேடினார். அப்போதுதான் கடைசி வரிசையிலிருந்து க்ளீட்டஸ் எழுந்தான். ஆற்றங்கரையில் வெண்டலுக்கு அடுத்த இடத்தில் கேமரா வைப்பவன்.

"யோவ், என்ன ஒளர்ற? நான் காலைலதானே அவளைப் பாத்தேன்! கிட்ட வந்து தலையைச் சாய்ச்சு என்னையே பாத்தா."

"பாத்திருக்க முடியாது."

"ஏன் முடியாது?"

வெண்டலிடம் பதில் இருந்தது, ஆனால் அதைச் சொன்னால் நாளைக்கு ஆற்றங்கரைப் பக்கம் தலைகாட்ட முடியாது. முகம் வெளிறி, முதல் வரிசையில் இருந்த மார்லிஸைப் பார்த்தார். ஊரும் பார்த்தது. அந்த அம்மாள் கோட்டைச் சரிசெய்துகொண்டு நிதானமாக எழுந்தாள்.

"அவளுக்கு ஒண்ணும் ஆகலைங்க. அரிசோனா போயிருக்கா. தங்கச்சி வீட்டுக்கு. அவளுக்கும் குளிர் தாங்கணுமில்ல? இல்லையா, வெண்டல்?"

"ஆ... ஆமா."

"எத்தனை வாரம்?"

"ரெண்டு."

"ஒரு மாசம்னு சொன்னியே?"

"ஒரு மாசம்" என்றார் வெண்டல்.

"அதான பாத்தேன்! கெளம்பறதுக்கு முந்தி எங்கிட்ட சொல்லிட்டுப் போக வந்திருக்கா" என்றான் க்ளீட்டஸ். கைதட்டல் அடங்க வெகு நேரம் ஆயிற்று. திங்கட்கிழமை மார்லிஸ் விமானம் ஏறினாள்.

சிரிக்கிறீர்கள் அல்லவா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் உங்கள் சமையலறை ஜன்னலுக்கு வருகிற அந்தக் காக்கையை, "வேற யார் வெச்சாலும் தொடாது, என்னை நல்லாத் தெரியும் அதுக்கு" என்று நேற்று யாரிடமோ போனை நீட்டிக் காட்டினீர்களே? அவரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு "ஆமாமாம்" என்றாரே? இதைக் கொஞ்சம் கீழே வைத்துவிட்டு உள் அறைப் பக்கம் போய்க் காது கொடுங்கள். யாரோ பெட்டி கட்டுகிற மாதிரி இருக்கிறது.