பரிசலைக் கவிழ்த்துக் காயப் போடு

"பரிசலைத் தூக்குய்யா மேல!" என்று மீன் இன்ஸ்பெக்டர் அரங்கநாதன் போட்ட சத்தத்தில் கரையிலிருந்த கொக்குகள் பறந்தன.

மீனவர் உத்திராபதி பரிசலைக் கவிழ்த்தார். அடியில், ஏரியையே மூடிவிடும் ஆகாயத்தாமரைக் களை ஒட்டிக்கொண்டிருந்தது.

"பாத்தியா? பரிசலை அடுத்த ஏரிக்குத் தூக்கிட்டுப் போறப்ப இதுவும் கூடவே வந்து குடித்தனம் பண்ணுது. பரிசலைக் கழுவணும், கவுத்துக் காயப் போடணும், வலைய உதறணும். வெளங்குதா?"

"வெளங்குதுங்க."

மாதக் கடைசியில் பெரிய அதிகாரி வருகிறார். அதற்குள் இந்தச் சனியன் இன்னொரு ஏரிக்குப் பரவினால், அரங்கநாதனுக்குத் தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றல். மாற்றலானால் பிறந்த வீட்டுக்குப் போய்விடுவதாக மனைவி ஜெயலட்சுமி வேறு சொல்லியிருந்தாள்.

ஊர் மீனவர்களைக் கூட்டி வைத்து அரங்கநாதன் நடத்திய பாடம் முடிந்தது. மாலை போடாமல் இன்ஸ்பெக்டரை அனுப்பினால் ஊருக்கு என்ன மரியாதை? ரோஜாவுக்கு எங்கே போவது? பிடுங்கிப் போட்ட ஆகாயத்தாமரையையே வேரும் ஊதாப்பூவுமாகக் கட்டிக் கழுத்தில் போட்டார்கள். டெரிலின் சட்டையில் சேறு வழிந்தாலும் அரங்கநாதனுக்கு உள்ளூரப் பெருமைதான். மாலையைக் கழற்றி டிரைவர் செல்லக்கண்ணுவிடம் கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறினார்.

அடுத்த வாரமே பக்கத்து ஏரியில் ஊதாப்பூ.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, காயப் போடலியா?"

"போட்டோங்க. காஞ்ச காச்சல்ல தாரு உருகி, பரிசல் ஒழுவுது!"

அங்கேயும் பாடம் நடத்தினார். அங்கேயும் மாலை; முன்னதைவிடத் தடிமன். சில நாளில் அதற்கடுத்த ஏரியும் பூத்தது.

அரங்கநாதனுக்கு ரத்தம் கொதித்தது. "இனி எந்தப் பரிசலும் ஊரை விட்டு நகரக் கூடாது!"

"அப்ப உங்க ஜீப்புல ஏறியா சார் மீன் புடிக்கிறது?" என்று எகிறினார் உத்திராபதி. அந்தக் கோபத்திலும் மாலை மரியாதையை மட்டும் விடவில்லை.

பெரிய அதிகாரி வந்தார். கங்கைகொண்ட சோழபுரம் போகும் வழியில் மிச்சமிருந்த ஒரே சுத்தமான ஏரிக்கு அவரை அழைத்துப் போனார் அரங்கநாதன்.

"இங்க பரிசலே வர்றதில்ல சார். ஒரு இலை பாக்க முடியாது."

பெரிய அதிகாரி கையை நீட்டினார். நட்ட நடு ஏரியில் ஊதாப்பூ தலையாட்டிக்கொண்டிருந்தது.

"பரிசலே வராத ஏரிக்கு இது நடந்தா வந்துச்சு?"

அரங்கநாதன் அந்தப் பூவையே உற்றுப் பார்த்தார். மூட்டை கட்டும் ஜெயலட்சுமி கண்ணுக்குள் வந்து போனாள்.

ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்த செல்லக்கண்ணு, துணியைத் தோளில் போட்டுக்கொண்டு பணிவாக முன்னால் வந்தான்.

"சாருக்குப் போட்ட மாலை யார் கால்லயும் மிதிபடக் கூடாதுன்னு, ஒவ்வொரு தடவையும் போற வழியில அடுத்த ஏரியில நான்தாங்க பயபக்தியா வுட்டேன்."