நான் சிவப்படித்த ஒழுங்கை

வேலையில்லாத பட்டதாரியால் நாட்டுக்கு ஒரு கெடுதலும் இல்லை. தின்றுவிட்டுப் படுத்திருப்பான், அவ்வளவுதான். அவனுக்கு ஒரு உத்தியோகமும் ஒரு வரைபடமும் கொடுத்தால்தான் ஆபத்து. எனக்கு இரண்டையும் ஒரே நாளில் கொடுத்தார்கள்.

கொரோனா அடங்கிய கையோடு ஒரு சுகாதாரப் பணிமனையில் என்னைப் பயிலுனராகச் சேர்த்தார்கள். படித்தது புவியியல். கிடைத்தது காய்ச்சல். வன்னியில் உள்ள ஆஸ்பத்திரிகள் வாராவாரம் அனுப்பும் தடிமன் காய்ச்சல் விபரங்களை (இன்புளுவென்சா என்று சொன்னால் உத்தியோகம் பெரிதாகத் தெரியும் என்பதால் வீட்டில் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தேன்) சுவரில் தொங்கும் வரைபடத்தில் நிறமாகப் போடுவதுதான் வேலை. குறைவென்றால் பச்சை, கூடினால் மஞ்சள், பரவினால் சிவப்பு. நாயாறு பச்சை. செட்டிகுளம் பச்சை. கிளிநொச்சி எப்போதாவது மஞ்சளாகி, அடுத்த வாரமே திருந்திவிடும். சனம் இப்படிச் சுகமாக இருந்தது எனக்குப் பெரிய மனவருத்தமாக இருந்தது. சிவப்புப் பேனாவை நான் திறந்ததே இல்லை.

யோசித்து யோசித்து ஒரு தத்துவம் கண்டுபிடித்தேன். எங்கள் சனம் தடிமன் வந்தவுடன் ஆஸ்பத்திரிக்குப் போகாது. முதலில் மல்லித் தண்ணி அவித்துக் குடிக்கும். அதற்கும் கேட்காவிட்டால்தான் டொக்டர். ஆகவே கடையில் மல்லி எப்போது கூடுதலாக விற்கிறதோ, அப்போதே காய்ச்சல் வந்துவிட்டதென்று அர்த்தம். ஆஸ்பத்திரிக்குத் தெரியுமுன் எனக்குத் தெரிந்துவிடும். இதை எங்கள் பணிமனை டொக்டர் அம்மாவிடம் சொன்னேன். "யோசனை நல்லாத்தான் கிடக்கு. முதல்ல வாற விபரத்தை ஒழுங்காப் போடும்" என்றா. நான் அதில் முன்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

இது இப்படியிருக்க, முல்லைத்தீவுத் தண்ணீரூற்றில் எங்கள் வீட்டில் அக்காவின் கலியாணம் நெருங்கியிருந்தது. அக்காவுக்குச் செவ்வாய் தோஷம். பொருத்தம் பார்த்துப் பார்த்தே எங்கள் சாத்திரியார் மேல்வீடு கட்டி முடித்திருந்தார். கடைசியில் பொருந்தியவர் கனடாவிலிருந்து வந்திறங்கினார். அவருக்குக் கிடைத்ததோ கொஞ்ச லீவு. அது முடிய ஆடி மாதம் பிறக்கிறது. லீவுக்குள் கிடைத்த ஒரே முகூர்த்தமான வெள்ளிக்கிழமை தவறினால் அடுத்த முகூர்த்தம் எப்போது என்று சாத்திரியாருக்கே தெரியாது. நான் ஒரே தம்பி என்பதால் நான்தான் மாப்பிள்ளைத் தோழன். வாசலில் மாப்பிள்ளையின் காலைக் கழுவி உள்ளே அழைத்து வரவேண்டும், அதற்கு அவர் எனக்கு மோதிரம் போடுவார்.

புதன்கிழமை விடிய எழும்பும்போதே எனக்குத் தலை பாரம். மூக்கு இரண்டும் அடைப்பு. அம்மா தந்த தோசையும் சம்பலும் கடதாசி தின்றதுபோல் இருந்தது. பந்தல் கட்டிய அலுப்பு என்று நினைத்துக்கொண்டு சந்திக் கடைக்குப் போனேன்.

"அண்ணை, மல்லி விக்குதோ?"

"ஒரு மணியும் இல்லைத் தம்பி. உங்கட ஒழுங்கைச் சனம்தான் அள்ளிக்கொண்டு போச்சுதுகள். செத்தல் மிளகாயும் முடிஞ்சுது."

(செத்தல் மிளகாய் என்றதை என் காது கேட்டது. மூளைக்கு அது போய்ச் சேரவில்லை.)

சைக்கிளைத் திருப்பினேன். எங்கள் குறுகிய ஒழுங்கைக்குள் நுழைந்தால், ஆகா, நான் கனவில் கண்ட காட்சி. மதகடியில் இரண்டு பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இருமுகிறார்கள். ஓய்வுபெற்ற தபால்காரர் கந்தையா அண்ணை வேலியைப் பிடித்தபடி தும்முகிறார், கண்ணால் நீர் ஓடுகிறது. "எப்ப துவங்கினது அண்ணை?" என்று தூர நின்றே கேட்டேன். அவருக்கு வாய் திறக்க ஏலவில்லை. எங்கள் மாமி வீட்டுப் பக்கம் கையைக் காட்டினார். பாவம், மனிசன் என்னைக் கிட்ட வரவேண்டாமென்று காட்டுகிறார் என விளங்கிக்கொண்டேன். அதற்குள் ஒரு நாய் தும்மியது. அதன் பின்னால் ஒரு கோழி.

நாயும் கோழியும் ஒரே ஒழுங்கையில் ஒரே நேரத்தில் தும்மினால் சாதாரண மனிதன் காற்றை மணந்து பார்ப்பான். நான் மனதுக்குள் ஒழுங்கைக்குச் சிவப்படித்துவிட்டு டொக்டருக்குப் போன் எடுத்தேன்.

"டொக்டர், எங்கட ஒழுங்கையில பரவீட்டுது. ஆக்களுக்கு மட்டுமில்லை. கோழியும் தும்முது."

கோழி என்றதும் பறவைக் காய்ச்சல் நினைவுக்கு வந்து அவாவின் குரல் மாறியது. "அங்க சனம் கூடுற விசயம் ஏதும் கிடக்கோ?"

"வெள்ளிக்கிழமை ஒரு கலியாணம் கிடக்கு."

"அதை மறிக்க வேண்டி வரும். ஆற்ற கலியாணம்?"

"எங்கட அக்கான்ர."

"நீர் வலு நேர்மையான பெடியன்" என்றா. நான் நெஞ்சை நிமிர்த்தினேன். நிமிர்த்திய வேகத்தில் தும்மினேன்.

வீட்டில் அம்மாவைக் காணவில்லை. அக்கா மட்டும் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தா. செய்தி வாசிப்பவர் மாதிரி நின்று விசயத்தைச் சொன்னேன். சொல்லி முடித்து, "கடமை அக்கா" என்றும் சேர்த்தேன். (அந்த வாயில் அப்போதே யாராவது ஒரு அடி போட்டிருக்கலாம்.)

அக்கா கத்தவில்லை. எண்ணெய்க் கையோடு கதிரையில் இருந்தா. கண் நிறைந்துவிட்டது. "எத்தினை வருசம் பொறுத்தனான் குகன். ரெண்டு நாள் பொறுக்க உன்ர கோழியால ஏலாதோ?" என்று கேட்டா. போன் எடுத்தாயிற்று, வாகனம் புறப்பட்டாயிற்று.

மத்தியானம் வந்தார்கள். டொக்டரும், கொரோனாக் காலத்து வெள்ளைக் கவச உடுப்புப் போட்ட இரண்டு பேரும், தொண்டைக்குள் விடும் குச்சிப் பெட்டியும். ஒழுங்கைச் சனம் முழுவதும் வேலிப் படலைகளுக்கு வந்துவிட்டது. டொக்டர் வாகனத்தால் இறங்கினா, இரண்டடி வைத்தா, மாஸ்க்கோடு சேர்த்து ஒரு தும்மல் தும்மினா. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே.

"தம்பி, உமக்கு ஒண்டும் மணக்கேல்லையோ?"

"இல்லை டொக்டர்."

அவா நேரே மாமி வீட்டு வளவுக்குள் நடந்தா. நான் பின்னால் ஓடினேன். கொல்லையில் மூன்று அடுப்பு. மூன்றிலும் பெரிய தாச்சி. அம்மா, மாமி, சின்னம்மா மூவரும் முகத்தில் துவாய் கட்டிக்கொண்டு செத்தல் மிளகாயும் மல்லியும் வறுக்கிறார்கள். சம்பந்தி அம்மா கனடாவுக்குக் கொண்டுபோகக் கறித்தூள். சும்மா ஒரு பை இல்லை, அங்கே உள்ள அவாவின் சொந்தம் முழுவதுக்கும். கலியாண வீட்டுச் சுவருக்குப் புதுப் பெயின்ற் அடித்தபடியால் புகை பிடிக்குமென்று மாமி வீட்டில் அடுப்பு வைத்திருக்கிறார்கள். இதையெல்லாம் எனக்கு ஏன் சொல்லவில்லை என்று பிறகு கேட்டேன். "ஆம்பிளைப் பிள்ளையோட ஆர் தூள்க் கதை கதைக்கிறது" என்றா அம்மா.

"வாங்கோ டொக்டர். இருங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்" என்றா மாமி, கண்ணைத் துடைத்தபடி. வெள்ளை உடுப்புக்காரரில் ஒருவர் தாச்சியைப் பார்த்துச் சிரிக்க வெளிக்கிட்டு இருமலில் முடித்தார். படலைக்கு வெளியே கந்தையா அண்ணைக்கு அப்போதுதான் குரல் திரும்பியிருந்தது. "இதைத்தானே பெடியனுக்குக் கையால காட்டினனான்" என்று ஊருக்கே சொல்லிக்கொண்டிருந்தார்.

டொக்டர் மட்டும் சிரிக்கவில்லை. இந்தப் புகைக்குள் நின்றும் ஒன்றும் மணக்காத ஒருவன் அந்த ஒழுங்கையில் நான் மட்டும்தான் என்பதை அவா கவனித்துவிட்டா. "இந்தக் கதிரையில இரும். வாயைத் திறவும்" என்றா. அங்கேயே உடனடிச் சோதனை. அம்மா அகப்பையோடு, சின்னம்மா சுளகோடு, சனம் படலையோடு காத்து நின்றது. முடிவு வந்தது. கொண்டுவந்த குச்சிகளில் பாவித்தது ஒன்று. பிடிபட்ட இன்புளுவென்சாவும் ஒன்று. அது நான்.

"கலியாணம் நடக்கட்டும். தோழன் மட்டும் வேண்டாம்" என்றா டொக்டர்.

அம்மா ஒரு நிமிசம்கூடத் தாமதிக்கவில்லை. மாமியின் மகன் சீலன் தோழனானான். அவன் அன்றைக்கே வேட்டி மினுக்கிவிட்டான். (மோதிரத்துக்கு விரல் அளவும் கொடுத்துவிட்டான் என்று கேள்வி.) என்னைப் பின் அறையில் போட்டுப் பூட்டாத குறை. தட்டில் சோறு வைத்து ஒரு தடியால் உள்ளே தள்ளுவார்கள். கனடாக்காரரின் நல்ல மனதைக்கூட என்னால் ரசிக்க முடியவில்லை. ஆறுதல் சொல்ல வந்தவர் யன்னலுக்கு வெளியே நின்று, "மச்சான், தூள் பெட்டியை விமானத்தில ஏத்த விடுவாங்களோ எண்டு கொஞ்சம் பயமாக் கிடக்கு" என்று கேட்டுவிட்டுப் போனார். அழுகை வந்தது. எனக்கு இருந்தது ஒரு அக்கா, அவாவுக்கு இருக்கப்போவது ஒரு கலியாணம், நான் அதையும் யன்னலால் பார்க்கப்போகிறேன்.

வியாழன் பின்னேரம் அக்கா கதவடியில் வந்து நின்று டொக்டருக்குப் போன் போட்டா. எனக்கும் கேட்கட்டும் என்றே உரக்கக் கதைத்தா.

"டொக்டர், இவன் விசரன்தான். அது எனக்குத் தெரியும். ஆனா எனக்கு இருக்கிறது இந்த ஒரு விசரன்தான். இவன் கூட்டிக்கொண்டு வராத மாப்பிள்ளைக்கு நான் கழுத்தை நீட்டமாட்டன். என்ன செய்தா இவன் வாசலுக்கு வரலாம் எண்டு சொல்லுங்கோ."

டொக்டர் சொன்னது நடந்தது. பந்தலுக்கு வெளியே, திறந்த வெளியில், கால் கழுவும் நேரத்துக்கு மட்டும்.

வெள்ளிக்கிழமை மேளம் முழங்க, பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாக மாப்பிள்ளை வந்திறங்கினார். எதிரே நான். தலை முதல் கால்வரை வெள்ளைக் கவச உடுப்பு, முகத்துக்குப் பிளாஸ்ரிக் மறைப்பு, இரண்டு கையிலும் உறை, கையில் செம்பு. நாதஸ்வரக்காரருக்கு ஒரு இடத்தில் மூச்சு விட்டுப்போய்விட்டது. குனிந்து காலைக் கழுவினேன், முகமறைப்பில் மூச்சுப் பட்டுப் புகார் பிடித்து ஒரு காலையே இரண்டு தரம் கழுவினேன். மோதிரம் உறைக்கு மேலால் ஏறவில்லை. அத்தான் ஒரு காலை முன்னுக்கு வைத்து, பல்லைக் கடித்து, தள்ளு தள்ளென்று தள்ளினார். படக்காரன் அதைத்தான் எடுத்தான். அல்பத்தில் முதல் படம் அதுதான்.

அந்தப் படம் இப்போது கனடாவில் அக்கா வீட்டு வரவேற்பறையில் தொங்குகிறது. போன மாதம் அக்காவின் மகள் அதைப் பாலர் பாடசாலைக்குக் கொண்டுபோய், தன் மாமா முல்லைத்தீவிலிருந்து நிலவுக்குப் போகிறவர், அம்மாவின் கலியாணத்துக்காக வேலையை விட்டு நேரே வந்தவர் என்று வகுப்புக்கே சொல்லியிருக்கிறாள். ரீச்சர் அக்காவைக் கூப்பிட்டு உண்மைதானோ என்று கேட்டாவாம். அக்கா ஓம் என்று சொல்லிவிட்டா.