கெர்னலுக்குக் காவலிருந்த வேணாம் அண்ணன்

உலகத்தில் புதிதாக வந்த எதுவுமே தேவையில்லை என்று நம்பிய ஒரே கம்ப்யூட்டர்காரர் எங்கள் வேணாம் அண்ணன்தான். பதுளையில் ஒரு புடவைக்கடையின் மேல்மாடியில் இருந்த எங்கள் சின்ன மென்பொருள் கம்பனியில் அவர்தான் மூத்தவர். பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தின் லயவீட்டில் பிறந்து படித்து வந்தவர், பணிவாக இருப்பார் என்று எண்ணிவிடாதீர்கள். மலையில் பிறந்ததாலோ என்னவோ, எல்லோரையும் மேலிருந்துதான் பார்ப்பார்.

உட்காரப் புதிய கதிரை வாங்கலாமா என்றால் வேணாம். ஜன்னலுக்குத் திரை? வேணாம். ஒருமுறை கொத்துரொட்டியில் சீஸ் போடவா என்று கடைக்கார நானா கேட்டுவிட்டார். அதனால் கொத்துக்கு என்ன பிரச்சினை தீரும் என்று அண்ணன் விசாரிக்கத் தொடங்கினார். நானா அதற்குப் பிறகு அவரிடம் எதையும் கேட்டதில்லை.

இப்படிப்பட்டவரிடம்தான் மாதக்கணக்கான என் உழைப்பு போய் மாட்டியது.

எங்கள் வேலை வேர்ச்சுவல் மெஷின், அதாவது ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டுவது. வெளியே ஏதாவது நடந்தால் உள்ளே இருப்பதைத் தட்டிக் கூப்பிட வேண்டும். அந்தத் தட்டலுக்குப் பெயர் இன்டரப்ட். அது சுற்றுவழியில் போய்த் தாமதமானது. நேராகப் போய்ச் சேர, கெர்னல் என்ற அடிப்படை மென்பொருளில் இன்டர்பேஸ் என்ற புதிய இணைப்புவழி ஒன்றை எழுதினேன். அண்ணன் தலையாட்டினால் என் முதல் பெரிய வேலை வெளியுலகுக்குப் போகும்.

அண்ணன் அதை எடைபோட்டார். தேயிலைக் கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கென்று கழிக்கும் கணக்கப்பிள்ளை மாதிரி, நான் சொன்ன வேகத்தில் பாதியை முதலிலேயே கழித்துவிட்டார். பிறகு கூப்பிட்டார்.

"இது இல்லாம இப்ப யாரு அழுவுறா?"

"வேகம் கூடும்ண்ணே."

"கெர்னல்ல ஒண்ணைச் சேத்துட்டா பெறகு எடுக்க முடியாது தங்கச்சி. அதை நம்பி ஊரே புரோகிராம் எழுதிப்புடும். காலத்துக்கும் யாரு பாக்குறது?"

எனக்கு ரோஷம் வந்தது. அவர் முன்னாலேயே ஓட்டிக் காட்டினேன். உள்ளே இருந்த கணினி தூங்கப் போன அதே கணத்தில் ஒரு தட்டல் வந்து, வழியில் தொலைந்தது. கணினி எழும்பவே இல்லை. அண்ணன் கொட்டாவி விட்டார்.

"நல்ல வேகம்," என்றார்.

ஹாலிஎல பஸ்ஸில் வீடு போய்ச் சேரும்வரை மனசுக்குள் அவரைத் திட்டித் தீர்த்தேன்.

பிழையைத் திருத்தினேன். நான் சேர்த்திருந்த கூடுதல் வசதிகளை அவர் வெட்டினார். கவாத்து பண்ணிய தேயிலைச் செடிபோல் வெறும் குச்சியாக நின்றதும்தான் போகட்டும் என்றார்.

கெர்னலில் சேர்க்கச் சொல்லி அனுப்பும்போது, இதைப் பராமரிப்பவர் யார் என்று குறிப்பிட வேண்டும். என் பெயருக்கு மேலே தன் பெயரைப் போட்டிருந்தார். புகழிலும் பங்கா என்று கொதித்துப்போய்க் கேட்டேன்.

"புதுசுல்ல, ஒடையத்தான் செய்யும். ஏச்சு மொதல்ல எனக்கு வரட்டும்," என்றார்.

உடையத்தான் செய்தது. ஏச்சுகள் அவருக்கே வந்தன. பிழை தன்னுடையது என்று எல்லாவற்றுக்கும் அவரே பதில் போட்டார். என்னிடம் மட்டும், எழுதத் தெரியாதவர்கள் கீபோர்டைத் தொடக்கூடாது என்றார்.

அந்தக் கர்வம் பிடித்த மனுஷர் லீவு போட்ட நாட்களில் மேல்மாடியே கொண்டாடும். பகல் சாப்பாடு ஆவதற்குள், அண்ணன் நாளைக்கு வந்துவிடுவாரா என்று விசாரிக்கிற முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.