பன்னிரண்டில் மூன்று

உத்திரமேரூர்,
2-8-1981, இரவு.

மதிப்பிற்குரிய சுகுமார் மாமாவுக்கு, ஆறாம் வகுப்பு அம்முலு வணக்கத்துடன் எழுதுவது. இங்கு எல்லோரும் சௌக்கியம். நான் மட்டும் சௌக்கியமில்லை. காரணம் கீழே வருகிறது. சமையலறையில் சிம்னி விளக்கைத் தணித்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன், கையெழுத்தை மன்னிக்கவும்.

தை மாதம் அத்தைக்கு, அதாவது உங்கள் அம்மாவுக்கு, குடல் முறுக்கிக்கொண்டு, நெல் லாரியில் படுக்கவைத்துக் கொண்டுபோய் அவசர ஆபரேஷன் செய்தது உங்களுக்குத் தெரியும். ஜனவரி கடைசியில் எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்ததும் ஆஸ்பத்திரிச் சீட்டை அப்பா என்னிடம் படிக்கக் கொடுத்தது தெரியாது. வெயிட் தூக்கக் கூடாது என்று இங்கிலீஷில் எழுதி, பக்கத்தில் 3/12 என்று போட்டிருந்தது. டிசம்பர் மூன்றாம் தேதி வரைக்கும் என்று சத்தமாகப் படித்தேன். அன்றிலிருந்து அத்தையை எதையும் தொட விடுவதில்லை. முதலில் குடம் போயிற்று, பிறகு அம்மிக் குழவி, பிறகு சொம்பு. எதிர்வீட்டு சொக்கம்மாள் தன் குழந்தையை அத்தை மடியில் வைத்தாள், அதுவும் வெயிட்தான் என்று அப்பா வாங்கிக்கொண்டார், அது அவர் வேட்டியை நனைத்துவிட்டது. "நா இன்னா உப்பு மூட்டையா, ஓரமா சாத்தி வெச்சிக்கினு கீறீங்க?" என்று அத்தை கேட்டார். இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். எங்கள் தண்ணீர்த் தொட்டியைக்கூட மத்தியானத்தில் சொக்கம்மாள்தான் நிரப்புகிறாள் போலிருக்கிறது.

போன வருஷ லீவில் திருப்புலிவனத்தில் உங்கள் வீட்டில் இருந்தேனே, அப்போது அத்தை இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடத்தோடு தெருவெல்லாம் வம்பு பேசிக்கொண்டே வருவார், ஒரு சொட்டு சிந்தாது, பின்னால் ஓடி எனக்குத்தான் மூச்சு வாங்கும்.

போன வாரம் கணக்கு டீச்சர் போர்டில் 3/12 என்று எழுதிச் சுருக்கச் சொன்னார். கால் என்று எல்லோரும் கத்தினார்கள், சீட்டில் இருந்தது தேதிதானா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சீட்டை ஒளித்துக்கொண்டுபோய் எங்கள் ஊர் நர்ஸ் மார்த்தாளம்மாவிடம் காட்டினேன். பன்னிரண்டு மாசத்தில் மூணு மாசம், டாக்டர்கள் அப்படித்தான் எழுதுவார்கள் என்று சிரித்தார். ஏப்ரலோடு முடிந்த கெடு, மாமா. இது தெரியாமல் அப்பா, அக்காவால் இனித் தனியாக இருக்க முடியாது என்று, ஆடி முடிந்ததும் உங்கள் வீட்டை உரக்கடைக்காரருக்கு மூட்டை அடுக்க வாடகைக்கு விடப்போகிறார். அத்தைக்குச் சொல்லவில்லை. உங்களுக்கும் பிறகு எழுதிக்கொள்ளலாமாம். அப்பாவிடம் சொன்னால் என் முதுகுத்தோல் போய்விடும். நீங்கள் உடனே வந்து, சீட்டைத் தற்செயலாகப் பார்ப்பதுபோல் பார்த்து, மூன்று மாதம் என்று சொல்லிவிடுங்கள். என் பெயர் வேண்டாம்.

ஆவடியில் உங்களுக்கும், லீவு கொடுக்கப்போகும் உங்கள் மேஸ்திரிக்கும் என் நமஸ்காரம்.

இப்படிக்கு,
பயத்துடன்,
அம்முலு.

பி.கு.: மாமா, வர வேண்டாம். விளக்கைப் பார்த்து அத்தை எழுந்து வந்துவிட்டார். அழுதுகொண்டே முழுவதையும் படித்துக் காட்டினேன். மூன்று மாதம் என்று ஆஸ்பத்திரியிலேயே சொல்லிவிட்டார்களாம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "இத்தினி வருசத்துல என்ன ஒக்கார வெச்சி எவடி சோறு போட்டா? நல்லாத்தான் கீதுன்னு இருந்துட்டேன்" என்றார். சுவரைப் பிடித்தது அப்பா பார்க்கும்போது மட்டுமாம். தொட்டியை நிரப்பியதும் அவர்தான். வீட்டை வாடகைக்கு விடப்போவதை மட்டும் இப்போதுதான் என் கடிதத்தில் கேட்டாராம். அப்பா தலையணைக்கடியில் இருந்த உங்கள் வீட்டுச் சாவி அத்தை இடுப்புக்கு வந்துவிட்டது. விடிந்ததும் நடந்தே திருப்புலிவனம் போகிறார், வழியில் இதைத் தபாலில் போடுவார். தன் பித்தளைக் குடத்தையும் எடுத்து வைத்திருக்கிறார். வெயிட்டாச்சே அத்தை என்றேன்.

"காலிக் குடந்தாண்டி. அங்க போயி ரொப்பிக்கிறேன்."