சுற்றுலா போன பந்தயக் கார்

அனுமதி கேட்டு வருகிற எந்தக் கோப்பிலும் அன்னியச் சொல் இருக்கலாகாது என்று ஒரு நாள் மேலிடத்துக்குத் தோன்றியது. தோன்றியதில் தப்பு ஒன்றும் இல்லை. மேலிடத்துக்கு ஏதாவது தோன்றிக்கொண்டேதான் இருக்க வேண்டும். இல்லையென்றால் அது மேலிடம் என்று நமக்கு எப்படித் தெரியும்? அந்த ஆணை வந்த அன்றைக்கு அனுமதி அதிகாரியின் மேசைமேல் கிடந்தது 'டூரிங் கார் பந்தயம் நடத்துதல் தொடர்பாக' என்ற கோப்பு. அதிகாரி கடமை தவறாதவர். கார் என்றால் வாகனம். டூர் என்றால் சுற்றுலா. ஆகவே 'சுற்றுலா வாகனப் போட்டி' என்று திருத்தி எழுதி, அழகாக அடிக்கோடும் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். டூரிங் கார் என்பது நீங்களும் நானும் கடைக்குப் போக ஓட்டுகிற அதே கார்தான். அதன் சீட்டையெல்லாம் பிடுங்கிப் போட்டு, உள்ளே இரும்புக் கூண்டு அடித்து, எஞ்சினை உசுப்பேற்றி, வளைந்து வளைந்து சுற்றி வருகிற ஓடுபாதையில் விடுவார்கள். கதவோடு கதவு உரச, பக்கக் கண்ணாடி பிய்த்துக்கொண்டு பறக்க, பத்துப் பதினைந்து கார் ஒன்றாக ஓடும். அதில் உலாவும் கிடையாது, ஓர் உல்லாசமும் கிடையாது.

அந்த ஓடுபாதையில் ஒருத்திக்கு 'ரெண்டாவது' என்று பேர். புதிதாகக் கேட்பவர்கள், வீட்டுக்கு ரெண்டாவது மருமகள் போலிருக்கிறது என்பார்கள். கொஞ்சம் விவகாரமானவர்கள் ரெண்டாவது பொண்டாட்டியோ என்று அவள் புருஷனை ஒரு மாதிரி பார்ப்பார்கள். அதெல்லாம் இல்லை. பாவம், ஓடின பந்தயத்தில் எல்லாம் ரெண்டாவதாக வந்தாள், அவ்வளவுதான். முதலில் வந்தவன் யார் என்றால், சொந்தக் கொழுந்தன். வருஷா வருஷம் கோப்பை அவனுக்கு, 'நல்லா ஓட்டினீங்க அண்ணி' என்ற ஆறுதல் இவளுக்கு. ரெண்டு காருக்கும் மெக்கானிக் இவள் புருஷன். கூடப் பிறந்தவன் காரிலா, கட்டிக்கிட்டவள் காரிலா, எதில் நட்டைத் தளர்த்துவது என்று தெரியாமல் இரண்டையும் ஒரே மாதிரி முறுக்கிக் கொடுப்பான். பாதையின் தலைமைத் தீர்ப்பாளரோ மாமியார். வீட்டில் எப்படியோ, பாதையில் பாரபட்சம் பார்க்காத மனுஷி. அதுதான் மருமகளுக்கு வினையே.

இந்த வருஷம் கதை வேறு. கொழுந்தன் கார் ஒரு பந்தயத்தில் பாதியிலேயே நின்றுபோனதால் (அன்றைக்கும் வேறு எவனோ முந்தி இவள் ரெண்டாவதுதான்), கடைசிப் பந்தயத்துக்கு முன்னால் கொழுந்தனும் அண்ணியும் புள்ளியில் சமம். இதில் முந்துகிறவர்தான் சாம்பியன். அந்தப் பாழாய்ப்போன பேரை இந்தப் பந்தயத்தோடு தலைமுழுகிவிட வேண்டும் என்று அவள் துடியாய்த் துடித்தாள். தூக்கத்தில்கூட ஆக்சிலேட்டரை மிதித்து மிதித்துக் கட்டில் கால் ஆடிப்போயிருந்தது.

பந்தயத்தன்று காலையில் அனுமதி அதிகாரி நேரில் ஆய்வுக்கு வந்தார். மடிப்புக் கலையாத சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. அவள் காருக்கு முன்னால் குனிந்து டயரைத் தடவிப் பார்த்தார்.

"என்னய்யா இது, வழுக்கையா இருக்கு?"

"வரி இல்லாத டயர் சார். பந்தயத்துக்கு இதைத்தான் போடுவோம்," என்றான் மெக்கானிக்.

அதிகாரி மெல்ல நிமிர்ந்தார். "வரி இல்லையா? எத்தனை வருஷமா?"

"ஐயோ, அந்த வரி இல்ல சார். இது தரையைப் பிடிக்கிற வரி."

"ஓகோ. நிலவரியும் கட்டலையா?"

மெக்கானிக் வாயைத் திறந்தால் இன்னும் ஏதாவது பாக்கி கிளம்பும் போலிருந்தது. பேசாமல் ஒரு கத்தியை எடுத்துவந்து டயர்மேல் வரிசையாக நாலு கோடு கிழித்தான். "வரி போட்டாச்சு சார்," என்றான். அதிகாரி மனநிறைவோடு அடுத்த இனத்துக்குப் போனார்.

அடுத்த இனம் குழி. ஓட்டத்துக்கு நடுவில் காருக்குச் சக்கரம் மாற்றுகிற கொட்டகையைப் பந்தயக்காரர்கள் 'பிட்' என்பார்கள். கோப்பில் அது 'குழி' ஆகியிருந்தது. குழி எங்கே என்று அதிகாரி கேட்டார். குழி என்று ஒன்றும் கிடையாது, பேர்தான் அப்படி என்றார்கள். வரைபடத்தில் இருக்கிற குழி தரையில் இல்லையென்றால் அதற்கு மோசடி என்று பேர் என்றார் அவர். வேறு வழியில்லாமல் ஆள் விட்டு, கொட்டகை வாசலில் நல்ல ஆழமாக ஒரு குழி வெட்டினார்கள். அதை எட்டிப் பார்த்துப் பாராட்டிவிட்டு, பொதுமக்கள் விழுந்துவிடக்கூடிய அபாயம் இருப்பதால் அந்தப் பக்கம் எந்த வாகனமும் போகக் கூடாது என்று உத்தரவு போட்டார்.

பிறகு சீட். சுற்றுலா வாகனத்தில் பயணிகள் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டா தொங்குவார்கள்? பிடுங்கின சீட்டையெல்லாம் திரும்ப மாட்டவைத்தார். மாட்டின சீட்டில் சுற்றுலாப் பயணிகள் உட்கார வேண்டும். ஓட்டுநரே வழிகாட்டி. ஒவ்வொரு வளைவும் காணத்தக்க இடமாக அறிவிக்கப்பட்டிருப்பதால் அங்கே நிறுத்தி விளக்கம் சொல்ல வேண்டும். இதைக் கேட்டு ஜனங்கள் கோபப்படுவார்கள் என்று அவள் நினைத்தாள். ஜனங்களாவது, கோபமாவது. பந்தயக் காருக்குள் உட்கார்ந்து படம் எடுத்துப் போடலாம் என்றதும் வேலியைத் தாண்டிக் குதித்து வந்தார்கள். கறுப்புக் கண்ணாடியும் தொப்பியுமாக ஒரு கும்பல் கொழுந்தன் காரில் ஏறி அடைந்துகொண்டது. கண்காணிப்புக்காக அதிகாரியும் ஒரு காரில் ஏற வேண்டியிருந்தது. போன வருஷம் ஜெயித்தவன் காரில் ஏறினால் பாரபட்சம் என்று பேச்சு வருமாம். ஆகவே அவள் காரில் ஏறினார்.

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. புருஷன் ஜன்னலுக்குள் தலையை விட்டு, "நீ ஓட்டு, மிச்சத்தை அப்புறம் பார்த்துக்கலாம்," என்றான். அவனால் முடிந்தது அவ்வளவுதான்.

கொடி விழுந்தது. முதல் சுற்று முழுக்க அதிகாரி "மெதுவா, மெதுவா" என்று ஜபம் பண்ணிக்கொண்டே வந்தார். முதல் வளைவில் எல்லாக் காரும் நின்றன. இடது கைப் பக்கம் காண்பது பழைய டயர்களால் ஆன தடுப்புச் சுவர் என்று ஓட்டுநர்கள் விளக்கினார்கள். கொழுந்தன் காரில் வந்தவர்கள் இறங்கி டயரைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்தார்கள். இரண்டாவது வளைவில் காண்பது அதே மாதிரி இன்னொரு டயர்ச் சுவர். அதற்கும் இறங்கினார்கள், வெளிச்சம் இங்கேதான் நன்றாக விழுகிறதாம். எஞ்சினை உறுமவிட்டுக்கொண்டு கொழுந்தன் தலையில் அடித்துக்கொண்டான்.

நேர்ப்பாதை வந்தது. அந்த இடத்தில் அவள் கால் அவள் பேச்சைக் கேட்காது. தன்னை மறந்து ஒரே மிதி மிதித்தாள். அதிகாரியின் ஜபம் பாதியில் நின்றது. அவள் கண்ணாடியில் பார்த்தாள். மனிதர் வாயைப் பிளந்தபடி சீட்டோடு சீட்டாக ஒட்டிக் கிடந்தார். போச்சு, உரிமம் போச்சு, எல்லாம் போச்சு என்று பிரேக்கில் காலை வைத்தாள்.

"ஏம்மா நிறுத்தறீங்க?" என்றார் பின்னாலிருந்து.

"வளைவு சார். காணத்தக்க இடம்."

"இங்கிருந்தே கண்டாச்சு. போங்க."

அதற்கப்புறம் கேட்க வேண்டுமா? டயர்ச் சுவர்கள் ஒவ்வொன்றையும் அதிகாரி ஓடுகிற காரிலிருந்தே கண்டு ஒப்புதல் அளித்தார். வளைவில் கார் சாய்ந்தபோது அவரும் சாய்ந்து சின்னப் பிள்ளை மாதிரி கூவினார். முன்னால் போன கார்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. கடைசிச் சுற்றில் மிச்சம் இருந்தது கொழுந்தன் ஒருவன்தான். அவனும் லேசுப்பட்டவன் இல்லை, படம் எடுக்க இறங்கின கும்பலை ஒரு வளைவிலேயே விட்டுவிட்டு வந்திருந்தான். இரண்டு காரும் கதவோடு கதவு உரசிக்கொண்டு கடைசி வளைவுக்கு வந்தன. உள்பக்கம் ஒரே ஒரு இடுக்கு இருந்தது. அதில் நுழையலாமா வேண்டாமா என்று அவள் ஒரு கணம் தயங்கினாள்.

"முந்தும்மா," என்று அதிகாரி கத்தினார். "நான் கையெழுத்துப் போடறேன்!"

முந்தினாள். கோட்டைத் தாண்டினபோது அவளுக்கு முன்னால் வெறும் பாதை மட்டும்தான் இருந்தது. அப்படி ஒரு காட்சியை அவள் வாழ்நாளில் பார்த்ததில்லை. காரை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்மேல் தலையைச் சாய்த்து, சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் குலுங்கினாள். புருஷன் ஓடிவந்து, தம்பி பார்க்கிறானா என்று திரும்பிப் பார்த்துவிட்டு அவளைத் தூக்கிச் சுற்றினான். தம்பியும் பெரிய மனசோடு கை தட்டினான். மாமியார் ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தார்.

அதிகாரி காரைவிட்டு இறங்கினார். முடி நட்டுக்கொண்டு நின்றது, வாய் காதுவரைக்கும் போயிருந்தது. சட்டையைச் சரி பண்ணும்போது கழுத்து அட்டை கையில் பட்டது. அவ்வளவுதான், மறுபடி அதிகாரி ஆகிவிட்டார்.

"முடிவை அறிவிக்க வேண்டாம்," என்றார். "போட்டியே நடக்கலை. பயணம்னா போய்ச் சேர்ந்த இடம்னு ஒண்ணு வேணும். இவங்க எல்லாரும் புறப்பட்ட இடத்துலேயே வந்து நிக்கறாங்க. விதிப்படி யாரும் இன்னும் புறப்படவே இல்லை."

அவளுக்கு எங்கிருந்துதான் ஆவேசம் வந்ததோ, தலைக்கவசத்தைக் கழற்றி அவர் காலடியில் வைத்தாள்.

"சார், எங்க கோப்பு எங்கேயிருந்து கிளம்பிச்சு?"

"என் மேசையிலேர்ந்து."

"அப்புறம்?"

"சாலைத் துறை, சுகாதாரம், பூங்கா, மீன்வளம்..."

"மீன்வளம் எதுக்கு சார்?"

"பாதை ஓரத்துல குட்டை இருக்கே."

"சரி, கடைசியா எங்கே வந்து நின்னுச்சு?"

"என் மேசையிலதான்," என்றார் பெருமையாக.

"அப்போ அது நகரவே இல்லையா சார்? இத்தனை நாளா உங்க ஆபீஸ்ல ஒரு வேலையும் நடக்கலையா?"

நகரவில்லை என்று சொன்னால் சம்பளத்துக்கே ஆபத்து. அதிகாரி வேர்த்துப்போனார். "நகர்ந்தது," என்று ஒப்புக்கொண்டார். "புறப்பட்ட இடத்துக்கே திரும்பினாலும் அது பயணம்தான்."

விசில் வானைப் பிளந்தது. அவள் இரண்டு கையையும் தூக்கினாள். ஆனால் அதிகாரியின் முகத்தில் மெல்ல ஒரு தெளிவு வந்துகொண்டிருந்தது. அந்தத் தெளிவு வந்தாலே நாம் உஷாராகிவிட வேண்டும்.

"நீங்களும் சுற்றி வந்தீங்க. கோப்பும் சுற்றி வந்தது. ரெண்டும் ஒண்ணுதான்னு நீங்களே எல்லார் முன்னாடியும் சொல்லிட்டீங்க," என்றார். "கோப்பு திங்கட்கிழமையே வந்து சேர்ந்துடுச்சும்மா. நீங்க இன்னைக்குத்தான் வர்றீங்க. யாரு முதல்ல?"

எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் கணக்கு சரியாகத்தான் இருந்தது. அதிகாரி கையோடு கொண்டுவந்திருந்த கோப்பைத் தூக்கி மேடைமேல் முதலிடத்தில் வைத்தார்கள், அதன் தலையில் வெற்றிக் கோப்பையையும் வைத்தார்கள். கறுப்புக் கண்ணாடிக் கும்பல் ஓடிப்போய்க் கோப்பின் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டது. கொழுந்தன் மூன்றாம் படியில் ஏறி, "வாங்க அண்ணி, உங்க இடம் காலியா இருக்கு," என்று ரெண்டாம் படியைக் காட்டினான்.

அவள் நகராமல் நின்றாள். கண் நிறைந்துவிட்டது. மாமியார் அவளையும் பார்த்தார், மேடையையும் பார்த்தார். பிறகு ஒலிபெருக்கியை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"என் மருமக தோத்தது சர்க்கார்கிட்ட," என்றார். "சர்க்காரோட ஓடி ஜெயிச்சவங்க இந்தக் கூட்டத்துல யாராவது இருந்தா கையைத் தூக்குங்க. இந்தக் கோப்பையை இப்பவே அவங்களுக்குக் குடுத்துடறேன்."

மைதானம் முழுக்க ஒரு கைகூட எழவில்லை. அதிகாரியின் கை மட்டும் பழக்கதோஷத்தில் பாதி தூரம் எழுந்தது. அவர் வீட்டுக் குடிநீர்க் குழாய்க்கான கோப்பு பக்கத்து அலுவலகத்துக்குப் போய் மூன்று வருஷம் ஆகிறது. அது ஞாபகம் வந்து, மெல்லக் கையை இறக்கிக்கொண்டார்.