முதல் பரிசு: பரவாயில்லை

கரூக், விக்டோரியா
புதன்கிழமை

அன்புள்ள அக்கா வெர்னாவுக்கு,

தம்பி கிளைவ் எழுதிக்கொள்வது. ஒன்பது வருடமாக நாம் பேசாவிட்டாலும், நீ பெண்டிகோவில் வழக்கம்போல் காலையில் ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் நடந்து திடமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நான் இருக்கிறேன். இங்கே மழை இல்லை. கோதுமை முழங்கால்கூட வரவில்லை.

லொரெய்ன் உன் வீட்டில் இருப்பது எனக்குத் தெரியும். என் மனைவியைத் திருப்பி அனுப்பு என்று உன்னிடமே கேட்கும் நிலைக்கு வந்துவிட்டேன். இதற்குக் கீழே இறங்கப் படி இல்லை.

நடந்தது இதுதான். சனிக்கிழமை எங்கள் ஊர் விவசாயக் கண்காட்சியில் பழக் கேக்குக்கு நடுவராக வர வேண்டிய அம்மாள் காய்ச்சலில் படுத்துவிட்டாள். முப்பது வருடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லும் பொருளும் கற்பிக்கிறவன், தலைமையாசிரியர் நாற்காலிக்கு மூன்று முறை தகுதியில்லாமல் போனவன், கேக்குக்குத் தகுதியானவன் என்று கமிட்டி கண்டுபிடித்தது. கேக்குகளுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் அட்டையில் கருத்து எழுத வேண்டும். ஒன்பதாம் எண் நடுவில் குழிந்துபோயிருந்தது, செய்தவர் யாரோ பாவம், 'அற்புதம்' என்று எழுதினேன். நான்காம் எண் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது, 'மிக அருமை' என்று எழுதினேன். பதினான்காம் எண்ணை வாயில் வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டேன். விதியில் இல்லாவிட்டாலும் இரண்டாவது துண்டும் எடுத்தேன். நீல ரிப்பனைக் குத்திவிட்டு, அட்டையில் 'பரவாயில்லை' என்று எழுதினேன்.

பதினான்கு லொரெய்னுடையது. இருபத்தாறு வருடம் தின்றவனுக்குத் தெரியவில்லையா என்று கேட்பாய். வீட்டில் எனக்குக் கிடைப்பது கருகிய ஓரம். நடுப்பகுதியைக் கண்டதே அன்றுதான்.

"பரவாயில்லையா?" என்றாள், பக்கத்தில் நின்றவருக்குக்கூடக் கேட்காத குரலில். அந்தக் குரல்தான் மோசம்.

"முதல் பரிசு குடுத்திருக்கேனே."

"பரிசு பதினாலாம் நம்பருக்கு. அந்த வார்த்தை எனக்கு."

"உன்னுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரிஞ்சிருந்தா என்ன எழுதியிருப்ப?"

யோசித்துப் பார்த்தேன். "அதையேதான்," என்றேன்.

அட்டையைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். ஞாயிறு காலை நான் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துவிட்டு வருவதற்குள் காரைக் காணோம். ஃபிரிட்ஜில் ஒரு சீட்டு: 'வெர்னா வீட்டுக்குப் போறேன். எனக்காகக் காத்திருக்காதே.' ஐந்து சொற்கள். இருபத்தாறு வருடக் கல்யாணம் முடிய அவ்வளவு போதும் போலிருக்கிறது.

அன்று சாயங்காலத்திலிருந்து பக்கத்து வீட்டு மெர்வ் தினமும் மூடிபோட்ட பாத்திரத்தில் சாப்பாடு கொண்டுவருகிறான். பரிதாபத்தைச் சூடாகச் சாப்பிடும் ஆளாகிவிட்டேன்.

"லொரெய்ன் போயிட்டா," என்றேன்.

"தெரியும்பா," என்றான். ஊருக்கே தெரிந்திருக்கிறது.

"திரும்பி வருவாளா?"

"ஆறணும்ல. அதெல்லாம் அவசரப்படுத்த முடியாது. ஆறு வாரம்கூட ஆவும்ங்கிறாங்க."

மெர்வ் டிராக்டர் உதிரிபாகம் விற்கிறவன். அவன் இவ்வளவு நுட்பமாகப் பேசி நான் கேட்டதில்லை.

ஆகையால், அக்கா, நம் வீட்டில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று நீயே அவளுக்குச் சொல். வேறு சாட்சி உயிரோடு இல்லை. எனக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த கடிதத்தை அப்பா ரோமக் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு முறை படித்தார். "பரவால்லடா," என்று சொல்லிவிட்டு மறுபடி ஆட்டைப் பிடித்தார். அந்த ஒரு சொல்லில்தான் முப்பத்தாறு வருடமாகக் காலம் தள்ளுகிறேன். உன் கல்யாணத்தன்று உன் மாப்பிள்ளையைப் பார்த்து அவர் 'பிரமாதம்' என்றார். பிறகு நடந்தது உனக்கே தெரியும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், சொல்லாமல் இருந்து பயனில்லை. அப்பா இறந்த அன்று போனில் நீ என்னிடம், "நீ வரணும்னு இல்ல," என்றாய். பெற்ற அப்பாவை அடக்கம் செய்ய மகன் வர வேண்டியதில்லை என்று. நான் வரவில்லை. அதை மறக்கவும் இல்லை. இருந்தாலும் லொரெய்ன் விஷயத்தில் நீ நியாயமாக நடந்துகொள்வாய் என்று நம்புகிறேன்.

உனக்கும் உன் நாய்க்கும் என் அன்பு. உன் நடை தொடரட்டும்.

இப்படிக்கு,
உன் தம்பி,
கிளைவ்

பி.கு. உறையை ஒட்டிவிட்டேன், பிரித்து எழுதுகிறேன். இப்போதுதான் மெர்வ் வந்து, "அக்கா முட்டி எப்படி இருக்கு? திங்கக்கெழமை புது மூட்டு வச்சாங்களாமே," என்றான்.

"யார் முட்டி?"

"சரியாப் போச்சு. லொரெய்ன் ஒரு மாசமா உங்கிட்ட சொல்லிக்கிட்டு இருந்தாளாம். நீ 'ம்'னு சொன்னியாம். உன் சாப்பாட்டுக்கு எங்க வீட்ல சொல்லி வச்சிட்டுத்தானப்பா போனா."

துணி துவைக்கும் அறையில் ஒரு காலண்டர் இருக்கிறதாம். போய்ப் பார்த்தேன். 'வெர்னா, முழங்கால், ஞாயிறே போகணும்' என்று இருந்தது. அதன் பக்கத்திலேயே நீல ரிப்பனும் என் அட்டையும் குத்தியிருந்தன. 'பரவாயில்லை'க்குக் கீழே அவள் கையெழுத்தில்: 'எழுத்துல இதுதான் முதல் தடவை.' இது சந்தோஷமா குத்தலா என்று அரை மணி நேரமாகப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

மேலே உன் நடையைப் பற்றி எழுதியதையெல்லாம் அடித்துவிட்டுப் படி.

அன்று போனில் நீ அதற்கு முன்னால் வேறு ஏதோ சொன்னாய். வருகிற வழியில் லாடன் ஆற்றில் வெள்ளம், பாலத்துக்கு மேலே தண்ணீர் போகிறது என்று. ஒன்பது வருடத்தில் அந்த வாக்கியம் இன்றைக்குத்தான் ஞாபகம் வருகிறது.

நீ பதில் எழுதணும்னு இல்ல. எழுதினா பரவாயில்ல.